கொம்பு இறங்கும் திங்கட்கிழமை

சனிக்கிழமை

ஆபட்ஸ் புரோம்லி என்ற ஊரில் மான்கொம்பு ஏந்தி ஆடும் கொம்பாட்டம் திங்கட்கிழமை. அதைப் பார்க்க ரூஜ்லி ரயில் நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்தோம், நானும் என் மனைவியின் தம்பியும். டெர்பியில் வேலை பார்க்கிறவன். இங்கிலாந்துக்கு வந்து வருடக்கணக்காகியும் கிராமத்து விடுதி எதிலும் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. "அங்கே பார்க்க என்ன இருக்கிறது அத்தான்? பீர் குடிப்பார்கள், நாய் படுத்திருக்கும். அவ்வளவுதான்" என்று ரயிலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். வந்து பார்த்தால் இரண்டும் உண்மை. நாய் வாசற்படியிலேயே படுத்திருந்தது. அதைத் தாண்டித்தான் உள்ளே போனோம்.

வழியில் பிளித்ஃபீல்ட் நீர்த்தேக்கம். ஏரியின் நடுவே கரைபோட்டு அதன்மேல் சாலை ஓடுகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். 1953ல் எலிசபெத் ராணியின் தாயார் திறந்துவைத்தது. அதைக் கடந்து மேடேறினால் ஆபட்ஸ் புரோம்லி. ஸ்டாஃபர்ட்ஷைரில் இருக்கிற சின்ன ஊர். ஒரே ஒரு நீளத் தெரு. நடுவே தெரு சற்று அகலும் இடத்தில் 'பட்டர் கிராஸ்' என்று ஆறு பக்கக் கூரை போட்ட மர மண்டபம். சந்தை கூடிய காலத்தில் வெண்ணெய் விற்ற இடம். இப்போது சைக்கிளில் வந்த இரண்டு பேர் அதில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள்.

மண்டபத்தை அடுத்துக் 'கோட்ஸ் ஹெட்' விடுதி. கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நிற்கிறது. பெயருக்கு ஏற்ப ஆட்டுத்தலை. அந்த ஆடு சும்மா வந்து மாட்டிக்கொள்ளவில்லை. இந்தப் பகுதியின் பெரிய நிலக்கிழார்கள் பேகட் குடும்பத்தார். அவர்களுடைய குலச்சின்னம் ஆட்டுத்தலை. பேகட் ஆடு என்றே ஓர் இனம் இருக்கிறது: முன்பாதி கறுப்பு, பின்பாதி வெள்ளை. இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் வேட்டைக்கு வந்தவர் மனம் மகிழ்ந்து அந்த ஆடுகளைப் பரிசாகக் கொடுத்தார் என்பது குடும்பக் கதை. கதை எப்படியோ, 1393ல் லண்டனில் ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சி விற்கிறவர்கள் வாசலில் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று உத்தரவிட்டவரும் அதே ரிச்சர்ட்தான். சரக்கைச் சோதிக்க வருகிற அதிகாரிக்கு வீடு தெரிய வேண்டுமே! இன்று இங்கிலாந்து முழுக்க விடுதி வாசல்களில் தொங்கும் அன்னம், சிங்கம், கிரீடம், கலப்பை எல்லாவற்றுக்கும் முன்னோடி ஒரு தரக்கட்டுப்பாட்டு உத்தரவு.

நாங்கள் தங்கியிருப்பது வேறு விடுதி. பெயர் சொல்லப்போவதில்லை. "எழுதுவதாக இருந்தால் எங்கள் பெயரை விட்டுவிடுங்கள், திங்கட்கிழமை வருகிற கூட்டமே எங்களுக்குப் போதும்" என்று விடுதிக்கார அம்மாள் சாவியைக் கொடுக்கும்போதே கேட்டுக்கொண்டார். அறை மாடியில். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. உத்தரத்தில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தே நடக்க வேண்டியிருக்கிறது. மைத்துனன் ஆறடி, அவன் பாடு அவனுக்கு.

நான் குடிக்கிறவன் அல்ல. மதுவிடுதியில் அது ஒரு குறையாக இருக்குமோ என்று நினைத்து வருகிற நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவரும் கண்டுகொள்வதில்லை. இஞ்சி பீர் என்று சாராயம் இல்லாத பானம் ஒன்று இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் உட்காரலாம். ஆனால் உள்ளே சில நடைமுறைகள் இருக்கின்றன, யாரும் எழுதி மாட்டாதவை. மேசையில் உட்கார்ந்துகொண்டு யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தால் விடிய விடியக் காத்திருக்கலாம். எழுந்து போய், பீர் ஊற்றித் தரும் நீளப் பலகையருகே நின்று கேட்க வேண்டும், அங்கேயே காசு கொடுக்க வேண்டும். பலகையருகே வரிசை கிடையாது. வந்தவர்கள் வந்த இடத்தில் நிற்கிறார்கள். ஆனாலும் யாருக்கு முன்னால் யார் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்த்து அந்த அம்மாள் தலையசைத்ததும் பக்கத்தில் நின்றவர், "அவர் எனக்கு முன்னால் வந்தவர்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் காட்டினார். காட்டப்பட்டவர் தமக்கு முன்னால் நின்ற பெண்ணைக் காட்டினார். வரிசையில் முண்டியடித்தே வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் அமானுஷ்யமாகப் பட்டது.

நாலைந்து பேர் சேர்ந்து வந்தால் ஒருவர் எல்லோருக்கும் வாங்குகிறார். அந்தச் சுற்று முடிந்ததும் அடுத்தவர். முறை வரும்போது நழுவுகிறவனை ஊர் மறப்பதில்லையாம். மைத்துனன் இதைக் கேட்டதும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கணப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அங்கே போகலாமா என்று பார்த்தபோது அந்த அம்மாள், "ஏழு மணிவரை உட்காருங்கள்" என்றார். நாங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். ஏழு அடிக்கச் சற்று முன்பு ஒரு பெரியவர் வந்து அந்த நாற்காலியில் அமர்ந்தார். அவர் கதவைத் திறக்கும்போதே கண்ணாடிக் குவளையில் பீர் பாதி ஏறியிருந்தது. விவசாயம் பார்த்து ஓய்ந்தவர். எதற்காக வந்திருக்கிறோம் என்று கேட்டார். "கொம்பாட்டம் பார்க்க" என்றோம். "எட்டு மணிக்குத் தேவாலயத்துக்கு வந்துவிடுங்கள். செருப்பு வேண்டாம், நல்ல பூட்ஸாகப் போடுங்கள்" என்றார். அதற்கு மேல் பேச்சு மழையைப் பற்றி.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மாள் பலகைக்கு மேலே தொங்கிய பித்தளை மணியைக் கயிற்றைப் பிடித்து அடித்தார். கடைசியாகக் கேட்கிறவர்கள் கேட்கலாம் என்று அர்த்தம். முதல் உலகப்போரின்போது ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று மதுவிடுதிகளின் நேரத்தை அரசாங்கம் சுருக்கியது. போர் முடிந்தும் கட்டுப்பாடு முடியவில்லை. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மதியம் இழுத்து மூடுகிற வழக்கம் 1988 வரை இருந்தது. இரவு பதினொரு மணிக் கெடுபிடியை 2003ஆம் ஆண்டுச் சட்டம், 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, தளர்த்தியது. இப்போது உரிமத்தில் அனுமதி வாங்கிக்கொண்டால் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கலாம். இந்த விடுதியில் மணி அதே நேரத்தில்தான் அடிக்கிறது. பெரியவர் மணிக்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை

ஆட்டம் நாளைக்கு. செப்டம்பர் 4ஆம் தேதிக்கு அடுத்து வரும் முதல் ஞாயிறு எதுவோ, அதற்கு மறுநாள் திங்கட்கிழமை. ஆகவே 6ஆம் தேதிக்கும் 12ஆம் தேதிக்கும் இடையில் எங்காவது விழும். வேலைநாள் என்றாலும் அன்றுதான். கூட்டம் வரும் என்று சனிக்கிழமைக்கு மாற்றுகிற பேச்சே இல்லை.

காலை வழிபாடு முடிந்ததும் புனித நிக்கலஸ் தேவாலயத்துக்குள் போனோம். கொம்புகள் சுவரில் மாட்டியிருக்கின்றன. ஆறு ஜோடி. வருடத்தில் அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் அவை இருக்கிற இடம் இதுதான்.

படத்தில் பார்த்ததைவிடப் பெரியவை. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே மரத்தில் செதுக்கிய மான்தலை. தலைக்குக் கீழே பிடித்துக்கொள்ளக் குட்டையான கைப்பிடி. மூன்று ஜோடிக்கு வெள்ளை வர்ணம், மூன்றுக்குப் பழுப்பு. கைப்பிடி மட்டும் வர்ணம் தேய்ந்து, பல பேருடைய வியர்வை ஏறிப் பளபளப்பாக இருந்தது. கனமான ஜோடி பதினோரு கிலோவுக்கு மேல். அதன் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர். இதைத் தூக்கிக்கொண்டு காலையிலிருந்து இருட்டும்வரை நடக்க வேண்டும் என்று நினைத்தபோதே எனக்குத் தோள் வலித்தது.

இவை ரெய்ண்டீர் எனப்படும் பனிநாட்டுக் கலைமான்களின் கொம்புகள். இங்கிலாந்தில் கலைமான் என்றோ அற்றுப்போன மிருகம். 1976ல் ஒரு கொம்பிலிருந்து சிறு துண்டு உடைந்தது. உடைந்த துண்டைச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரேடியோ கார்பன் முறையில் கணித்ததில் கி.பி. 1065ஐ ஒட்டிய காலம் என்று வந்தது. அந்தக் காலத்திலும் இங்கே கலைமான் கிடையாது. ஆகவே ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். யார் கொண்டுவந்தார்கள், எதற்குக் கொண்டுவந்தார்கள் என்பதற்கு ஒரு காகிதமும் இல்லை.

காகிதம் இல்லாத இடத்தில் கற்பனைக்குப் பஞ்சமில்லை. ஆதிவேட்டுவர்களின் சடங்கு, கிறிஸ்தவத்துக்கு முந்திய வளமை வழிபாடு என்றெல்லாம் சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன. பக்கத்து நீட்வுட் காட்டில் வேட்டையாடும் உரிமையை ஊரார் ஆண்டுதோறும் ஆடி நிலைநாட்டியது என்பது இன்னொரு கட்சி. எனக்கு இது கொஞ்சம் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் கொம்பின் வயதை ஆட்டத்தின் வயதாகக் கணக்கில் ஏற்றிக்கொள்வது நியாயமில்லை. பழைய மரத்தில் நேற்று நாற்காலி செய்யலாம்.

கொம்பாட்டத்தை விவரமாக எழுதிவைத்த பழைய சாட்சி ராபர்ட் பிளாட். ஸ்டாஃபர்ட்ஷைரின் இயற்கை வரலாற்றை எழுதி 1686ல் வெளியிட்டவர். அவர் சொல்வதில் ஆட்டத்தைவிட எனக்குப் பிடித்தது வரவு செலவு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களை ஒட்டி அப்போது ஆடியிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் முறைவைத்து ஒரு பானையைப் பொறுப்பேற்பார்களாம். கேக்கும் ஏலும் அவர்கள் ஏற்பாடு. பார்க்க வருகிறவர்கள், குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பென்னி வீதம் கொடுப்பார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களும் கொடுப்பார்கள். கேக், ஏல் செலவு போக மிஞ்சிய பணத்தில் தேவாலயத்தைப் பழுதுபார்த்தார்கள், ஏழைகளையும் காப்பாற்றினார்கள். இதைச் சொல்லிவிட்டு, இந்தச் செலவையெல்லாம் இப்போது மக்கள் அவ்வளவு சந்தோஷமாக ஏற்பதில்லை என்கிற மாதிரி ஒரு வரி வைக்கிறார் பிளாட். 1686லேயே 'அந்தக் காலம் மாதிரி வருமா' தொடங்கிவிட்டது.

மதியச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வாட்டிய இறைச்சியும் யார்க்ஷைர் புட்டிங்கும் என்பது இவர்களுக்கு மாறாத சட்டம். மைத்துனன் சைவம், அவனுக்குக் கொட்டைகளை அரைத்துச் சுட்ட ஏதோ ஒன்று வந்தது. முகத்தைப் பார்த்து நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிற்பகலில் கூட்டம் கலைந்ததும் அந்த அம்மாள் நிலவறையைக் காட்டினார். பலகைக்குப் பின்னால் தரையில் ஒரு கதவு. தூக்கினால் செங்குத்தான படிகள். கீழே குளிர் அடித்தது. பதினொன்றிலிருந்து பதின்மூன்று டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டுமாம். பீப்பாய்கள் படுக்கைவாக்கில், உருளாமல் இருக்க ஆப்பு வைத்துக் கிடந்தன. ஒன்பது காலன் பிடிக்கும் 'ஃபர்க்கின்', அதாவது 72 பைன்ட். இந்த பீர் ஆலையை விட்டு வந்த பிறகும் பீப்பாய்க்குள்ளேயே நொதிக்கிறது. அதனால் மேலே ஒரு துளையில் மென்மையான மரமுளை ஒன்றை அடித்து வாயுவை வெளியே விடுகிறார்கள். குமிழி அடங்கியதும் அதை எடுத்துவிட்டுக் கெட்டி முளை. அவர் முளையைச் சுற்றிக் கசிந்த நுரையைத் துணியால் துடைத்தார், கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார், மறுபடி நுரை வந்தது. "இன்னும் நேரம் ஆகவில்லை, இது நாளைக்கு" என்றார். திறந்துவிட்டால் மூன்று நாளைக்குள் விற்றாக வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். நாளைய கூட்டத்துக்கு எத்தனை பீப்பாய் திறப்பது என்பதுதான் அவருடைய வருடாந்திரத் தலைவலி. மழை பெய்தால் கணக்குத் தப்பும்.

மேலே பலகையில் இருக்கும் நெம்புகோலை இழுத்தால் கீழேயிருந்து பீர் ஏறுகிறது. கைப்பம்ப். மின்சாரம் வேண்டாம், வாயுச் சிலிண்டர் வேண்டாம். 1797ல் ஜோசஃப் பிராமா இதற்கு ஒரு காப்புரிமை எடுத்திருக்கிறார். பூட்டுக்கும் நீரழுத்த இயந்திரத்துக்கும் பேர்போன அதே பிராமா.

கலங்கல் எப்படித் தெளிகிறது என்று மைத்துனன் கேட்டான். கேட்டிருக்க வேண்டாம். காய்ந்த மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைக் கலப்பது வழக்கமாம். அது மண்டியைப் பிடித்துக்கொண்டு கீழே படியும். இப்போது அது சேர்க்காமலும் சிலர் காய்ச்சுகிறார்கள். சைவத்துக்குப் பீர் விலக்கல்ல என்று இத்தனை காலம் நிம்மதியாக இருந்தவன் படியேறும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு என்னோடு அவனும் இஞ்சி பீர்.

திங்கட்கிழமை

எட்டு மணிக்குத் தேவாலயத்தில் சுருக்கமாக ஓர் ஆசீர்வாதம். பிறகு கொம்புகளைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். மேளதாளம் எதுவும் இல்லை. ஒருவர் எட்டிப் பிடித்து எடுத்துக் கீழே நிற்கிறவரிடம் கொடுக்கிறார். அவர் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, தோள்மேல் சாய்த்து, ஒரு முறை குலுக்கிப் பொருத்தம் பார்த்துக்கொள்கிறார். எல்லோருக்கும் எது தம் ஜோடி என்று தெரிந்திருக்கிறது.

மொத்தம் பன்னிரண்டு பேர். கொம்புக்காரர்கள் ஆறு. பெண் வேடமிட்ட ஆண் ஒருவர், ராபின் ஹூட் கதையின் நாயகி 'மெய்ட் மரியன்'. ஒரு கோமாளி. வில்லும் அம்பும் ஏந்திய சிறுவன். முக்கோணக் கம்பியைத் தாளத்துக்குத் தட்டுகிற இன்னொரு பிள்ளை. அக்கார்டியன் வாசிப்பவர். பிறகு குதிரை. இடுப்பைச் சுற்றிக் குதிரை உடல் கட்டிக்கொண்டு நடுவில் மனிதர் நிற்கும் இந்த வேடத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரைதான் நினைவுக்கு வந்தது. இங்கே காலில் கட்டை இல்லை. அதற்குப் பதில் குதிரையின் தாடை அசைகிறது. கயிற்றை இழுக்க இழுக்கத் தாளத்தோடு 'டக், டக்' என்று வாய் மூடுகிறது. பிளாட் இந்த ஆட்டத்துக்குக் கொடுத்த பெயரிலேயே குதிரைதான் முன்னால் நின்றது. கொம்பு பின்னால் வந்து பெயரைப் பிடித்துக்கொண்டது.

உடுப்புகள் பழைமையாகத் தோன்றினாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாதிரியார் வீட்டுப் பெண்கள் முன்னின்று தைத்துக் கொடுத்த பாணி. அதற்கு முன் ஆடியவர்கள் தங்கள் வழக்கமான உடையில் ரிப்பனும் துண்டுத்துணியும் குத்திக்கொண்டு ஆடியிருக்கிறார்கள்.

ஆட்டம் மிக எளிது. வரிசையாக வந்து வட்டமாகச் சுற்றுகிறார்கள், வட்டம் பின்னிப் பிரிந்து இரண்டு வரிசையாகிறது. இந்தப் பக்கம் வெள்ளைக் கொம்பு, அந்தப் பக்கம் பழுப்பு. கொம்புகளைத் தாழ்த்தி ஒருவரை நோக்கி ஒருவர் வருகிறார்கள். முட்டப்போகிறார்கள் என்று நாம் நினைக்கும்போது பின்வாங்குகிறார்கள். மறுபடி வருகிறார்கள். இந்தத் தடவை தோளை உரசியபடி ஒருவரையொருவர் கடந்துபோய், திரும்பி நின்று, அங்கிருந்து அதையே செய்கிறார்கள். கைதட்டலுக்கு நிற்பதில்லை. முடிந்ததும் ஒற்றை வரிசையாகி அடுத்த வாசலுக்கு நடக்கிறார்கள்.

இணையத்தில் இந்த ஆட்டத்தின் பெயரில் சோகமான ஒரு மெட்டு கேட்கலாம். முதுகுத்தண்டில் குளிர் ஏறும். அது இந்த ஊர்த் தச்சர் ஒருவரிடமிருந்து 19ஆம் நூற்றாண்டில் எழுதி எடுக்கப்பட்டது. எசெக்ஸில் தாக்ஸ்டெட் என்ற ஊரில் இருட்டியபின் அந்த மெட்டுக்கு ஆடுகிறார்கள். அதை எதிர்பார்த்து இங்கே வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இங்கே அக்கார்டியனில் வருவது துள்ளலான நாட்டுப்புற மெட்டுகள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு வந்தால் கூட்டம் கூடவே முணுமுணுக்கிறது. எனக்கு இதுதான் சரியென்று பட்டது. நாள் முழுவதும் நடக்கிறவர்களுக்குச் சோக மெட்டு எதற்கு?

பட்டர் கிராஸ் பக்கம் ஆடிவிட்டு ஊரைத் தாண்டினார்கள். அசல் கொம்புகள் இந்த ஆட்டத்துக்கு மட்டும்தான். வெளியூர் அழைப்புக்கு வேறொரு செட் வைத்திருக்கிறார்கள். பண்ணை பண்ணையாகப் போனார்கள். நாங்களும் பின்னாலேயே நடந்தோம். பெரியவர் சொன்ன பூட்ஸின் அருமை இரண்டாவது பண்ணையிலேயே புரிந்தது. ஒரு வீட்டு முற்றத்தில் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எங்களையும் சேர்த்து எட்டுப் பேர் இருந்தால் அதிகம். ஊர் நடுவில் ஆடியபோது எப்படி ஆடினார்களோ அதேபோல்தான் இங்கும். வீட்டுக்காரர் ஒரு பெரிய தட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து சுவர்மேல் வைத்தார். கொம்புகளை வைக்கோல் மேல் சாய்த்துவிட்டு ஆளுக்கொன்று எடுத்துத் தின்றார்கள். குதிரை மட்டும் உடலைக் கழற்ற முடியாமல் நின்றபடியே தின்றது.

அடுத்துப் பிளித்ஃபீல்ட் மாளிகை, பேகட் குடும்பத்தின் இருப்பிடம். புல்வெளியில் ஆட்டம், இங்கே வெளியூர்க் கூட்டம் நிறைய, கேமராக்கள் நிறைய. அழகாகத்தான் இருந்தது. ஆனால் பண்ணை முற்றத்தில் பார்த்ததற்குப் பிறகு இது எனக்குக் கொஞ்சம் புகைப்படத்துக்காக நடந்த மாதிரி இருந்தது. அதிக நேரம் நிற்கவில்லை, ஊருக்குத் திரும்பினோம்.

ஆட்டத்தை விடுதிகள்தான் தாங்கிப் பிடிக்கின்றன என்பது பிற்பகலில்தான் தெரிந்தது. கோட்ஸ் ஹெட், கிரவுன், கோச் அண்ட் ஹார்சஸ் என்று ஒவ்வொரு விடுதி வாசலும் ஒரு தங்கல். எங்கள் விடுதியில் காலை பத்து மணியிலிருந்தே சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாளின் மகள் இதற்காகவே லீட்ஸிலிருந்து விடுப்பு எடுத்து வந்திருக்கிறாள். அக்கார்டியன் சத்தம் தெருக்கோடியில் கேட்டதும் அம்மாள் கைப்பம்பை இழுக்கத் தொடங்கினார். பலகையில் நின்ற வாடிக்கையாளர்கள் தாங்களாகவே ஒதுங்கினார்கள். அடுத்த சில நிமிடங்களுக்கு யாருக்கும் விற்பனை கிடையாது, ஊற்றுவதெல்லாம் ஆடுகிறவர்களுக்கு. சிறுவர்களுக்கு எலுமிச்சைப் பானம் தனியாக ஒரு தட்டில்.

வாசலில் ஆடினார்கள். காலை எட்டு மணிக்குத் தூக்கிய கொம்பு. ஒருவருடைய தோளில் சட்டை ஈரமாகி ஒட்டியிருந்தது. வில்லுக்காரச் சிறுவன் கொட்டாவி விட்டுக்கொண்டே நாணை இழுத்தான், ஆனாலும் தாளம் தப்பவில்லை. முடிந்ததும் உள்ளே வந்தார்கள். வாசலோரச் சுவரில் கொம்புகள் சாய்ந்து நின்றன; பக்கத்தில் ஒருவர் சாவதானமாகக் காவல். தொட்டுப் பார்க்க வந்த ஒருவரிடம் அவர் கையை நீட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை, "ஆயிரம் வருஷம் ஆகிறது" என்று மட்டும் சொன்னார். வந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மெய்ட் மரியன் நீண்ட கரண்டி ஒன்றை நீட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார். பிளாட் சொன்ன பானைதான் இப்போது கரண்டியாகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்களும் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறாரே. நான் இரண்டு பவுண்டு போட்டேன், மைத்துனன் ஐந்து பவுண்டு நோட்டு. "அவன் பணக்காரன், இன்னும் கேளுங்கள்" என்று பெரியவர் கணப்போர நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். இன்று மட்டும் அவர் பிற்பகலிலேயே வந்துவிட்டார்.

ஆடியவர்களில் ஒருவரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தது. அப்பா ஆடினார், அப்பாவின் மாமா ஆடினார், அதனால் நான் ஆடுகிறேன் என்றார். இது வழிபாடா, வேட்டைச் சடங்கா, வெறும் கேளிக்கையா என்று கேட்டேன். குவளையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "இது திங்கட்கிழமை" என்றார். உடனே அக்கார்டியன் அழைத்தது. கொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருட்டும் நேரத்தில் தெருவில் கடைசி ஆட்டம். பிறகு தேவாலயத்துக்கு நடந்து கொம்புகளைச் சுவரில் மாட்டிவிட்டு, ஒரு சிறு இரவு வழிபாடு. நாங்கள் வாசலோடு நின்றுகொண்டோம். கால் கெஞ்சியது.

செவ்வாய்க்கிழமை

காலையில் கீழே இறங்கினால் விடுதி கழுவி விடப்பட்டிருந்தது. வாசல் பலகையில் நேற்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு 'செவ்வாய்: டோமினோ' என்று எழுதியிருந்தது. நிலவறைக் கதவு திறந்திருந்தது. காலிப் பீப்பாய்களைக் கயிறு கட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எத்தனை போயிற்று என்று மைத்துனன் விசாரித்தான். "ஒன்று குறைவாகத் திறந்துவிட்டேன்" என்றார் அம்மாள். வருத்தமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

மகளிடம் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன். நாடு முழுவதும் கிராமத்து விடுதிகள் மூடிக்கொண்டே வருகின்றன. மின்கட்டணம், வரி, சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் பீர் என்று பல காரணங்கள். சில ஊர்களில் மக்களே பங்கு போட்டு விடுதியை வாங்கி நடத்துகிறார்கள். "அம்மாவுக்குப் பிறகு நீயா?" என்று கேட்டேன். லீட்ஸில் கணக்காளர் வேலை, நல்ல சம்பளம். "வருடத்துக்கு ஒரு திங்கட்கிழமைக்காக மற்ற நாளெல்லாம் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதுதான் கணக்கு உதைக்கிறது" என்றாள். கணக்காளர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சாண்ட்விச் வெட்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்ததை எந்தக் கணக்கில் எழுதுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்து பர்ட்டன் அபான் டிரென்ட். இங்கிருந்து கார் தூரம்தான். ஜிப்சம் கலந்த கடினமான கிணற்றுத் தண்ணீரால் பீருக்குப் பேர்போன ஊர். பிரிட்டனின் முதல் பதிவு வணிகச்சின்னமான பாஸ் ஆலையின் சிவப்பு முக்கோணம், 1876ல் பதிவானது, அந்த ஊருடையது. கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வெள்ளைக்காரத் துரைமாருக்காகக் கப்பலேறிய இந்தியா பேல் ஏல் அங்கேயிருந்துதான் பெருமளவில் போனது. அதையும் பார்த்துவிட்டு மைத்துனன் டெர்பிக்கு ரயில் ஏறுவான்.

புறப்படும் முன் அடுத்த வருடத்துக்கு இதே அறை வேண்டும் என்று அவன் கேட்டான், என்னைக் கேட்காமலே. ஒவ்வொரு வருடமும் வருகிற யாரோ ஒருவருக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்றாம். பின்பக்கம் சிறிய அறை ஒன்று இருக்கிறது, உத்தரம் இன்னும் தாழ்வு என்றார் அம்மாள். அதற்கே முன்பணம் கட்டிவிட்டான்.